விமானப் பயணமும் புவி வெப்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பயணத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றி யோசிப்பவர்கள் பெரும்பாலும் சிறிய விஷயங்களிலேயே தங்கிவிடுகிறார்கள்: பிளாஸ்டிக் குவளை, பெட்டியின் எடை, பயணச்சீட்டோடு சேர்த்துக் கட்டும் மரம் நடும் கட்டணம். வளிமண்டலத்தின் கணக்கோ வேறு இடத்தில் இருக்கிறது. ஓராண்டில் எத்தனை முறை பறக்கிறோம், எவ்வளவு தூரம் பறக்கிறோம், எந்த வகுப்பில் பறக்கிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒருவருடைய பங்கில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. கீழேயுள்ள பதில்கள் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

உலகக் கார்பன் உமிழ்வில் விமானங்களின் பங்கு இரண்டரை சதவீதம்தான் என்கிறார்கள். அப்படியிருக்க ஏன் இவ்வளவு கவலை?

இரண்டரை சதவீதம் என்பது சரியான எண்தான். ஆனால் அது கார்பன் டை ஆக்சைடை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்ட எண். விமானங்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும், அவை வானில் விட்டுச்செல்லும் வெண்தடங்களையும் சேர்த்துப் பார்த்தால், மனிதச் செயல்களால் ஏற்பட்டுள்ள வெப்பமூட்டலில் விமானப் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 3.5 சதவீதம் என்று 2021இல் வெளிவந்த விரிவான அறிவியல் மதிப்பீடு கூறுகிறது.

அந்தப் பங்கு எத்தனை பேருடையது என்பது அதைவிட முக்கியம். 2018ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ 11 சதவீதத்தினர் மட்டுமே விமானத்தில் ஏறினார்கள். நாட்டின் எல்லையைத் தாண்டிப் பறந்தவர்கள் அதிகபட்சம் 4 சதவீதத்தினர். பயணிகள் விமானங்களின் உமிழ்வில் பாதி, உலக மக்களில் ஒரு சதவீதத்தினரின் பயணங்களால் வந்தது. எல்லாரும் சமமாகப் பகிர்ந்துகொண்ட இரண்டரை சதவீதமாக இருந்திருந்தால் கேள்வியின் தொனி நியாயமாக இருந்திருக்கும். ஆனால் பத்தில் ஒன்பது பேர் ஒரு முறைகூடப் பறக்காத ஓராண்டில் சேர்ந்த இரண்டரை சதவீதம் இது.

இன்னொன்று, வளர்ச்சியின் வேகம். 1960க்கும் 2018க்கும் இடையில் விமான எஞ்சின்கள் மிகப் பெரிய அளவில் முன்னேறின; ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்லத் தேவைப்படும் எரிபொருள் பல மடங்கு குறைந்தது. ஆனால் அதே காலத்தில் பயணத்தின் அளவு ஏறத்தாழ 75 மடங்கு பெருகியதால், மொத்தக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு குறைவதற்குப் பதில் ஏழு மடங்குக்கு அருகில் உயர்ந்தது. 1940 முதல் 2018 வரை விமானங்கள் வெளியிட்ட 3,260 கோடி டன் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ பாதி, அந்தக் காலத்தின் கடைசி இருபது ஆண்டுகளில் மட்டும் வெளிவந்தது. மின்உற்பத்தியும் சாலைப் போக்குவரத்தும் மாற்று வழிகளைக் கண்டுபிடித்து இறங்குமுகமாகும்போது, அப்படி ஒரு வழி இன்னும் கைவராத விமானத்துறையின் பங்கு தானாகவே மேலேறும்.

வானில் தெரியும் வெண்தடங்கள் வெறும் நீராவிதானே? அவை எப்படிப் பூமியைச் சூடாக்கும்?

அவை நீராவி அல்ல, பனிப்படிகங்கள். விமானங்கள் பறக்கும் 8 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்கு 40 டிகிரிக்கும் கீழே இருக்கிறது. எஞ்சினிலிருந்து வெளிவரும் நீராவி, அதனுடனேயே வெளிவரும் நுண்ணிய கரித்துகள்களின் மேல் படிந்து, நொடிப்பொழுதில் உறைந்துவிடுகிறது. சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் தடம் சில நிமிடங்களில் மறைந்துபோகும். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் அது மறையாமல் பரவி, கீற்று மேகங்களாக விரிந்து, பல மணி நேரம் வானில் தங்கும்.

அப்படித் தங்கும் மேகம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பகலில் சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கிறது. இரவும் பகலும், பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை ஒரு கம்பளியைப் போலத் தடுத்து நிறுத்துகிறது. இரவில் முதல் வேலை இல்லை, இரண்டாவது மட்டுமே இருக்கிறது. இதனால்தான் பிரிட்டனின் வான்பரப்பைப் பற்றி 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மொத்தப் போக்குவரத்தில் கால் பங்கே உள்ள இரவு விமானங்கள் வெண்தடங்களின் வெப்பமூட்டலில் 60 முதல் 80 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தன.

முன்னே சொன்ன 2021 மதிப்பீட்டின்படி, விமானத்துறையின் மொத்த வெப்பமூட்டலில் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு அல்லாத விளைவுகளால் வருகிறது. அவற்றுள் மிகப் பெரியது வெண்தடங்களால் உருவாகும் மேகம். இந்த எண்ணைச் சுற்றியுள்ள நிச்சயமின்மை பெரிது என்பதையும் அந்த மதிப்பீடே சொல்கிறது. ஆனாலும் மேகம் சில மணி நேரத்தில் கலைந்துவிடும் என்பதையும், இன்று வெளியான கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளிமண்டலத்தில் இருக்கும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது.

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது ஒன்று உண்டு. வெண்தடங்களின் பாதிப்பு எல்லா விமானங்களிலும் சமமாக விழுவதில்லை. ஜப்பானின் வான்பரப்பை ஆராய்ந்தபோது, 2.2 சதவீத விமானங்களே வெண்தடங்களின் வெப்பத்தில் 80 சதவீதத்துக்குக் காரணம் என்று தெரியவந்தது. ஈரக்காற்றுப் படலங்கள் பெரும்பாலும் மெல்லியவை. சில நூறு மீட்டர் மேலேயோ கீழேயோ பறந்தால் அவற்றைத் தவிர்த்துவிடலாம். 2023இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 70 விமானங்களில் இதைச் செய்துபார்த்தபோது, செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த வெண்தடங்கள் 54 சதவீதம் குறைந்தன. உயரத்தை மாற்றிய விமானங்களுக்குக் கூடுதலாகச் செலவான எரிபொருள் ஏறத்தாழ 2 சதவீதம். புதிய விமானமோ புதிய எரிபொருளோ இல்லாமலே கிடைக்கக்கூடிய பலன் இது. விமானத்துறையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய பலன் தரும் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் இரவு விமானங்களைத் தவிர்த்துவிடலாமா?

தனிப் பயணியாக நீங்கள் அப்படிச் செய்வதால் பெரிய பயன் இல்லை. வெண்தடம் உருவாவது அன்றைய வானிலையைப் பொறுத்தது. முன்பதிவு செய்யும் நாளில் அது யாருக்கும் தெரியாது. இது விமான நிறுவனங்களும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் செய்ய வேண்டிய வேலை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல், கார்பன் டை ஆக்சைடு அல்லாத விளைவுகளையும் கண்காணித்து அறிக்கை தருமாறு விமான நிறுவனங்களுக்கு விதி வகுத்திருக்கிறது.

ஒரு நெடுந்தூரப் பயணத்தில் என் பங்கு எவ்வளவு?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. லண்டனிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். நன்கு நிரம்பிய நவீன விமானம் ஒன்று ஒரு பயணிக்கு 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 லிட்டர் எரிபொருள் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒருவழிப் பயணத்துக்கு 166 லிட்டர் ஆகிறது. எடையில் 133 கிலோ. ஒரு கிலோ விமான எரிபொருள் எரியும்போது 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எரிபொருளின் கார்பனோடு சேர்வதால்தான் வெளிவரும் வாயுவின் எடை, எரிந்த எரிபொருளின் எடையைவிட மூன்று மடங்குக்கும் மேல் போகிறது. ஆக ஒருவழிக்கு 420 கிலோ, போய்வர 840 கிலோ. இதில் வெண்தடங்கள் சேரவில்லை.

அந்த 840 கிலோவை எதனோடு ஒப்பிடுவது? எத்தியோப்பியா, உகாண்டா, மலாவி போன்ற நாடுகளில் புதைபடிவ எரிபொருள்களால் ஒருவருக்குச் சராசரியாகச் சேரும் கார்பன் டை ஆக்சைடு ஓராண்டு முழுவதற்கும் இந்த அளவை எட்டுவதில்லை. இன்னொரு அளவுகோலும் உண்டு. மனிதர்கள் வெளியிடும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடும், ஆர்க்டிக் கடலில் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பில் ஏறத்தாழ 3 சதுர மீட்டரை இல்லாமல் செய்கிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மேற்சொன்ன பயணத்துக்கு அந்தக் கணக்கில் இரண்டரை சதுர மீட்டர் பனி போகிறது, அதாவது ஒரு மனிதர் கைகாலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு மேலான பரப்பு. டன், கிலோ என்று படிக்கும்போது மனத்தில் பதியாத ஒன்று, இப்படிச் சொன்னால் பதிகிறது.

ஒரே பயணத்துக்கு ஒவ்வோர் இணையக் கணிப்பானும் ஒவ்வோர் எண்ணைத் தருகிறதே?

அவை வெவ்வேறு விஷயங்களைச் சேர்க்கின்றன, அல்லது விடுகின்றன. வெண்தடங்கள் முதலிய விளைவுகளைச் சேர்த்தால் எண் இரண்டு மடங்குக்கு அருகில் உயரலாம். விமானத்தின் வயிற்றில் போகும் சரக்குக்கு எரிபொருளில் எவ்வளவு ஒதுக்குவது, எத்தனை இருக்கைகள் நிரம்பியதாகக் கொள்வது, எரிபொருளைக் கிணற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்ததன் உமிழ்வைச் சேர்ப்பதா என்பவற்றிலும் வேறுபாடு உண்டு. ஒரே கணிப்பானில் இரண்டு பயணத் திட்டங்களை ஒப்பிடுங்கள். இரண்டு கணிப்பான்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள்.

பிசினஸ் வகுப்பில் சென்றாலும் அதே விமானம்தானே? என் உமிழ்வு ஏன் கூட வேண்டும்?

ஏனென்றால் விமானத்தில் விற்கப்படுவது இடம். படுக்கையாக நீளும் ஓர் இருக்கை எடுத்துக்கொள்ளும் தளப்பரப்பில் பல எக்கானமி இருக்கைகளைப் போட்டிருக்கலாம். அத்தனை பேரைக் கொண்டுசென்றிருக்கக்கூடிய எரிபொருளை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் உமிழ்வுக் காரணிகளின்படி, அதாவது ஒவ்வொரு வகைப் பயணத்திலும் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு உமிழ்வு என்று சொல்லும் எண்களின்படி, நெடுந்தூர விமானங்களில் பிசினஸ் வகுப்புப் பயணியின் பங்கு எக்கானமி பயணியின் பங்கைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு, முதல் வகுப்பில் நான்கு மடங்கு. உலக வங்கி 2013இல் தன் ஊழியர்களின் பயணங்களை ஆராய்ந்தபோது, முதல் வகுப்பின் பங்கு ஒன்பது மடங்கு வரை போகலாம் என்று கண்டது.

பிசினஸ் வகுப்பு இருக்கைகள்தான் பல நெடுந்தூர வழித்தடங்களை லாபத்தில் ஓட வைக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த இருக்கைகளுக்கான கட்டணம் இல்லாவிட்டால் சில தடங்களில் விமானங்களின் எண்ணிக்கையே குறைந்திருக்கும். பறந்தே தீர வேண்டிய நெடும்பயணத்தில் உங்கள் கையிலுள்ள தேர்வுகளில் மிகப் பெரியது எக்கானமி வகுப்பில் அமர்வதுதான். உடல்நிலை காரணமாகப் படுத்துச்செல்ல வேண்டியவர்களை இதில் நான் சேர்க்கவில்லை.

நேரடி விமானம் நல்லதா, இடையில் மாறிச்செல்வது நல்லதா?

பெரும்பாலும் நேரடி விமானமே நல்லது. தரையிலிருந்து எழுந்து மேலேறும்போதுதான் எரிபொருள் வேகமாகச் செலவாகிறது. ஒருமுறை கூடுதலாக ஏறி இறங்கினால் அந்தச் செலவு இரட்டிக்கிறது. மாறிச்செல்லும் நகரம் நேர்ப்பாதையிலிருந்து விலகியிருந்தால் தூரமும் கூடுகிறது. மிக நீண்ட நேரடிப் பயணங்களில், கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமக்கவே முதல் மணி நேரங்களில் எரிபொருள் எரிக்க வேண்டியிருப்பதால், பாதையிலேயே அமைந்த ஒரு நிறுத்தம் சில சமயம் சிறிது சேமிக்கலாம். ஆனால் அப்படிப் பாதையிலேயே அமைவது அரிது.

ரயில், பேருந்து, கார் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் விமானம் எங்கே நிற்கிறது?

அதே பிரிட்டன் அரசின் காரணிகளை எடுத்துக்கொண்டால், 2022 கணக்கில் உள்நாட்டு விமானத்தில் ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 250 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், ஒருவர் மட்டும் செல்லும் நடுத்தர பெட்ரோல் காரில் ஏறத்தாழ 170 கிராமாகவும், ரயிலில் 35 கிராமாகவும், நெடுந்தூரப் பேருந்தில் 30 கிராமுக்கும் குறைவாகவும் வருகிறது. விமானத்தின் எண்ணில் மேல்வானின் கூடுதல் விளைவும் சேர்ந்திருக்கிறது. நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ரயிலும் அணுமின்சாரத்தில் ஓடும் ரயிலும் ஒன்றல்ல; டீசல் ரயில் வேறு. ஆனாலும் நிரம்பிய ரயிலும் நிரம்பிய பேருந்தும் எங்கும் விமானத்தை வெல்கின்றன.

கார் விஷயத்தில் கவனம் தேவை. நான்கு பேர் சேர்ந்து செல்லும் கார் விமானத்தைவிடத் தெளிவாக மேல். ஒருவர் மட்டும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிச்செல்லும் பெரிய கார் அப்படியல்ல. விமானத்தை விட்டுச் சொகுசுக் கப்பலில் ஏறுவதும் தீர்வல்ல. மிதக்கும் விடுதியையும் நீச்சல் குளங்களையும் சுமந்து செல்லும் அந்தக் கப்பல்களின் உமிழ்வு, ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு என்று பார்த்தால், பல நேரங்களில் விமானத்தையே மிஞ்சுகிறது.

பிரான்ஸ் 2023 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியின்படி, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு இடையே உள்நாட்டு விமானம் கூடாது. பாரிஸின் ஒர்லி விமான நிலையத்திலிருந்து நான்ட், லியோன், போர்தோ ஆகிய மூன்று நகரங்களுக்கான விமானங்கள் அதனால் நின்றன. எண்ணிக்கையில் சிறிய மாற்றம்தான். ஆனால் உலகின் பெரும்பகுதி விமான எரிபொருள் நெடுந்தூரங்களில் எரிகிறது என்பதால், குறுந்தூர விமானங்களை நிறுத்துவது தொடக்கம் மட்டுமே.

நான் போகாவிட்டாலும் அந்த விமானம் பறக்கத்தானே போகிறது?

இன்றைய விமானம் பறக்கும். அடுத்த பருவத்தின் கால அட்டவணையைத்தான் பயணிகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. விமான நிறுவனங்கள் மிகக் குறைந்த லாபத்தில் இயங்குபவை. இருக்கைகளில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பும்படி பார்த்துக்கொள்பவை. ஒரு தடத்தில் முன்பதிவு தொடர்ந்து சரிந்தால் விமானத்தைச் சிறியதாக்குவார்கள், வாரத்தில் ஒரு நாளைக் குறைப்பார்கள், கடைசியில் தடத்தையே கைவிடுவார்கள். ஒருவர் விலகுவதால் ஒரு விமானம் நிற்காது. நூற்றுக்கணக்கானவர்களில் யாரோ ஒருவருடைய விலகல் அந்த எல்லையைத் தொடும். அது யாருடையது என்று முன்கூட்டித் தெரியாததால், ஒவ்வொருவரும் தம் சராசரிப் பங்கைத் தம்முடையதாகவே கொள்வதுதான் நேர்மையான கணக்கு.

தேவை குறைந்தால் என்ன நடக்கும் என்பதை 2020 காட்டியது. பெருந்தொற்றால் பயணிகளின் எண்ணிக்கை 450 கோடியிலிருந்து 180 கோடியாக விழுந்தபோது, ஏர் பிரான்ஸ் தன் ஏ380 விமானங்களையும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் போயிங் 747 விமானங்களையும் திட்டமிட்டதற்கு முன்பே ஓய்வுபெறச் செய்தன. அது யாரும் விரும்பாத சூழல். ஆனாலும் காலி விமானங்களை எவரும் பல ஆண்டுகள் ஓட்டிக்கொண்டிருப்பதில்லை என்பது அதில் தெளிவானது.

கார்பன் ஈட்டுக் கட்டணம் செலுத்திவிட்டால் போதாதா?

போதாது என்பதே என் உறுதியான கருத்து. ஈட்டுக் கட்டணம் என்பது, உங்கள் பயணத்தில் வெளியான கார்பனுக்குச் சமமான அளவை வேறெங்கோ குறைப்பதற்கு, அல்லது உறிஞ்சுவதற்கு, பணம் தருவது. அதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்க வேண்டும். உங்கள் பணம் வராவிட்டாலும் அந்தத் திட்டம் நடந்திருக்குமா? உறிஞ்சப்பட்ட கார்பன் நூற்றாண்டுகளுக்கு அப்படியே இருக்குமா? ஓர் இடத்தில் காட்டைக் காத்ததால் அடுத்த இடத்தில் காடு வெட்டப்பட்டதா?

முதல் கேள்வியிலேயே பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுகின்றன. உமிழ்வைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ், பணக்கார நாடுகள் தம் உமிழ்வுக்கு ஈடாக வளரும் நாடுகளில் பணம் தந்து நடத்திய தூய்மை வளர்ச்சித் திட்டங்களை ஐரோப்பிய ஆணையத்துக்காக 2016இல் ஆராய்ந்தவர்கள், அவற்றில் 85 சதவீதத் திட்டங்கள் உண்மையான கூடுதல் குறைப்பைத் தந்திருக்க வாய்ப்பு குறைவு என்று கண்டார்கள். இரண்டாவது கேள்விக்குக் காட்டுத்தீயே பதில் சொல்லிவிட்டது: 2021இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மூண்ட பெருந்தீ, கார்பன் ஈட்டுக்காக விற்கப்பட்டிருந்த காட்டையும் எரித்தது. மரம் நன்றாகவே வளர்ந்தாலும், நீங்கள் சில மணி நேரத்தில் வெளியிட்டதை அது உறிஞ்சி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

காற்றிலிருந்தே கார்பனைப் பிரித்தெடுத்துப் பாறைக்குள் அனுப்பும் நிலையங்கள் இந்தக் குறைகளைத் தாண்டியவை. ஆனால் அவற்றின் அளவைப் பாருங்கள். ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஓர்கா நிலையம் ஆண்டுக்கு 4,000 டன் வரை பிடிக்கும் திறனோடு கட்டப்பட்டது. மேலே போட்ட கணக்கின்படி, 300 பயணிகளுடன் ஒரு விமானம் லண்டனிலிருந்து நியூயார்க் சென்று திரும்புவதை 16 முறை செய்தால், அந்த நிலையத்தின் ஓராண்டு வேலை தீர்ந்துவிடும்.

காடு வளர்ப்புக்கோ சூரிய அடுப்புகளுக்கோ பணம் தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகத் தாருங்கள், அதை நன்கொடையாகத் தாருங்கள். பறந்ததற்கான கணக்கு அதனால் நேராகிவிட்டது என்று எண்ணி, அந்த நிம்மதியில் இன்னொரு பயணச்சீட்டு வாங்குவதுதான் தீங்கு.

நீடித்த விமான எரிபொருள் வந்துவிட்டதே, இனிக் கவலை எதற்கு?

வந்திருப்பது உண்மை. பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, விவசாயக் கழிவு முதலியவற்றிலிருந்து தயாரிக்கப்படும் இந்த எரிபொருளைச் சாதாரண எரிபொருளோடு பாதிக்குப் பாதி வரை கலந்து இன்றைய எஞ்சின்களிலேயே எரிக்க அனுமதி உண்டு. 2023 நவம்பரில் வர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று முழுக்க இந்த எரிபொருளிலேயே லண்டனிலிருந்து நியூயார்க் வரை பறந்துகாட்டியது. எரியும்போது இதிலிருந்தும் ஏறக்குறைய அதே அளவு கார்பன் டை ஆக்சைடுதான் வருகிறது. அந்தக் கார்பன் அண்மையில் செடிகளால் காற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே வேறுபாடு. எல்லாம் சரியாக அமைந்தால் வாழ்நாள் உமிழ்வு 80 சதவீதம் வரை குறையலாம். கரித்துகள் குறைவாக வருவதால் வெண்தடங்களும் மெலிகின்றன. இது அதிகம் பேசப்படாத நல்ல அம்சம்.

சிக்கல் அளவில் இருக்கிறது. 2024இல் உலகம் முழுவதும் தயாரான இந்த எரிபொருள் ஏறத்தாழ 10 லட்சம் டன். மொத்த விமான எரிபொருளில் 0.3 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் 2 சதவீதம், 2030இல் 6 சதவீதம், 2050இல் 70 சதவீதம் என்று கட்டாயக் கலப்பை விதித்திருக்கிறது. அந்த இலக்குக்குப் போதுமான பழைய சமையல் எண்ணெய் உலகத்தில் இல்லை. பயிர்களிலிருந்து எடுக்கப் போனால் உணவுக்கான நிலமும் காடும் அதற்குப் பலியாகும். அதனால்தான் அந்த விதியில் உணவுப் பயிர்களுக்கு இடமில்லை. மிஞ்சுவது, தூய மின்சாரத்தால் ஹைட்ரஜனைப் பிரித்து, பிடித்தெடுத்த கார்பனோடு அதைச் சேர்த்துச் செய்யும் செயற்கை எரிபொருள். அதற்கு வேண்டிய மின்சாரம் மிகப் பெரிது, விலையும் அப்படியே.

மின்சார விமானமும் ஹைட்ரஜன் விமானமும் எப்போது வரும்?

சிறியவை வந்துவிட்டன. இரண்டு பேர் அமரும் பிபிஸ்ட்ரெல் வேலிஸ் எலெக்ட்ரோ 2020இல் ஐரோப்பாவில் முழுச் சான்றிதழ் பெற்ற முதல் மின்சார விமானம். பெரியவற்றைத் தடுப்பது எடை. ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. இன்றைய நல்ல லித்தியம் மின்கலத்தில் அதே எடைக்குக் கால் கிலோவாட் மணியைச் சற்றே தாண்டுகிறது. கடலைத் தாண்டும் விமானத்துக்கு மின்கலம் எட்டாத தூரம். ஹைட்ரஜன் விமானத்தை 2035இல் பறக்கவிடுவதாக 2020இல் அறிவித்த ஏர்பஸ், 2025இல் அந்தக் காலக்கெடுவைத் தள்ளிவைத்தது. அடுத்த பத்தாண்டில் நீங்கள் ஏறப்போகும் நெடுந்தூர விமானம் திரவ எரிபொருளில்தான் பறக்கும்.

பெட்டியின் எடையைக் குறைத்தால் பயன் உண்டா?

உண்டு, சிறிதளவு. விமானத்தில் ஏற்றும் கூடுதல் எடையைச் சுமக்க, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த எடையில் ஏறத்தாழ 3 சதவீத அளவு எரிபொருள் செலவாகிறது. பத்து மணி நேரப் பயணத்தில் பத்து கிலோவைக் குறைத்தால் மூன்று கிலோ எரிபொருள், அதாவது பத்து கிலோவுக்கு அருகில் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். செய்யுங்கள். ஆனால் 840 கிலோவுக்கு முன் அது எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

புதிய ரக விமானத்தைத் தேர்ந்தெடுப்பது இதைவிடப் பயனுள்ளது. ஏ320நியோ, ஏ350, போயிங் 787 போன்றவை தங்களுக்கு முந்தைய தலைமுறையைவிட 15 முதல் 25 சதவீதம் வரை குறைவாக எரிக்கின்றன. முன்பதிவுப் பக்கத்திலேயே விமானத்தின் ரகம் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும்.

தனியார் ஜெட் விமானங்களை விட்டுவிட்டுச் சாதாரணப் பயணியைக் கேட்பது நியாயமா?

நியாயமல்ல, இருவரையும் கேட்க வேண்டும். தனியார் ஜெட்டில் ஒரு பயணியின் உமிழ்வு சாதாரண விமானப் பயணியின் உமிழ்வைப்போல 5 முதல் 14 மடங்கு. 2019க்கும் 2023க்கும் இடையில் தனியார் விமானங்களின் மொத்த உமிழ்வு 46 சதவீதம் உயர்ந்தது. அவற்றின் பயணங்களில் ஏறக்குறைய பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைவானவை. ரயிலில் போயிருக்கக்கூடிய தூரம் அது. இந்த வகைப் பயணத்துக்குக் கடுமையான வரி விதிப்பதை எதிர்க்க எந்த நல்ல காரணமும் எனக்குத் தென்படவில்லை. ஆனாலும் மொத்த விமான உமிழ்வில் தனியார் ஜெட்டுகளின் பங்கு இரண்டு சதவீத அளவில்தான் இருக்கிறது.

அரசுகள் என்ன செய்கின்றன?

தேவையைவிட மிகக் குறைவு. 1944இன் சிக்காகோ உடன்படிக்கை, வந்திறங்கும் விமானத்தின் தொட்டியில் உள்ள எரிபொருளுக்கு வரி விதிக்கக் கூடாது என்றது. அதை அடியொற்றி நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் சர்வதேச விமான எரிபொருள் இன்றும் பெரும்பாலும் வரியில்லாமல் நிரப்பப்படுகிறது. 1997இன் கியோட்டோ ஒப்பந்தம் சர்வதேச விமான உமிழ்வை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்காமல், ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான இகாவோவிடம் ஒப்படைத்தது. அந்த அமைப்பு 2016இல் கொண்டுவந்த கோர்சியா திட்டம், 2019 உமிழ்வின் 85 சதவீதத்துக்கு மேல் போகும் அளவுக்கு மட்டும், மேலே நாம் பார்த்த அதே வகைக் கார்பன் ஈடுகளை விலைக்கு வாங்கச் சொல்கிறது. எல்லா நாடுகளையும் பெரும்பாலும் கட்டுப்படுத்தும் அதன் இரண்டாம் கட்டம் 2027இல்தான் தொடங்குகிறது.

வேறு நாட்டில் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போவதும் குற்றமா?

இல்லை. நோயுற்ற தாயைப் பார்க்கப் போவதையும், வார இறுதியைக் கழிக்க வேறு கண்டத்துக்குப் பறப்பதையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் இந்த விவாதத்துக்குக் கெடுதலே செய்கிறார்கள். குடும்பத்துக்காகப் பறப்பவர் செய்யக்கூடியது, இரண்டு குறுகிய வருகைகளை ஒரு நீண்ட வருகையாக்குவது. முடிந்தால் அங்கிருந்தபடியே சில வாரங்கள் வேலை செய்வது. நேரடி விமானத்தில், எக்கானமியில் செல்வது. ஆண்டுக்கு இரண்டு என்பது ஒன்றாகும்போது உமிழ்வு பாதியாகிறது. பெற்றோரோடு இருக்கும் நாட்கள் குறைய வேண்டியதில்லை.

எங்கள் அலுவலகம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கடந்த ஆண்டின் பயணச் செலவுப் பட்டியலிலிருந்து. அதைக் கிலோமீட்டர் வாரியாகவும் வகுப்பு வாரியாகவும் பிரித்தால், மொத்த உமிழ்வில் பெரும்பங்கு ஒருசில ஊழியர்களின் நெடுந்தூர பிசினஸ் வகுப்புப் பயணங்களில் குவிந்திருப்பது பெரும்பாலும் தெரியும். ஒரு நாள் கூட்டத்துக்காகக் கண்டம் தாண்டுவதைக் காணொளிக்கு மாற்றுவதும், நான்கைந்து மணி நேரத்துக்குள் ரயிலில் எட்டும் ஊர்களுக்கு விமானக் கட்டணத்தைத் திருப்பித் தராமலிருப்பதும் முதல் விதிகளாக இருக்கட்டும். அந்த விதிகள் மேலதிகாரிகளிடமிருந்து தொடங்கட்டும். பட்டியலில் அவர்களுடைய பெயர்கள்தான் வழக்கமாக மேலே இருக்கும். துறை வாரியாக ஆண்டுக்கு இத்தனை டன் என்று ஒரு வரம்பு வைத்து, பண வரவுசெலவைப் போலவே அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால், எந்தப் பயணம் தேவை, எது வழக்கத்தால் நடக்கிறது என்பதை அந்தந்தத் துறையினரே பிரித்துவிடுவார்கள்.